தாய்லாந்து யானை முகாமில் தன்னார்வலராக வேலை செய்ய: டிக்கெட் எடுக்கும் முன்பிருந்து ஊர் திரும்பும் வரை

வடக்குத் தாய்லாந்து யானை முகாம்களுக்கு நான் மூன்று முறை தன்னார்வலராகப் போயிருக்கிறேன். கடைசி இரண்டு முறையும் புதிதாக வருபவர்களுக்கு வேலை சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. திணறியவர்களில் பாதிப் பேர் முகாமுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே, விமான டிக்கெட் எடுத்த நாளிலேயே தப்புச் செய்திருந்தார்கள். முதலில் டிக்கெட், அந்தத் தேதிக்குத் தோதாக ஒரு முகாம், அதற்குப் பிறகு விசா என்று தலைகீழாகப் போனதில் தடுப்பூசிக்கு நாள் இல்லாமல் போயிற்று. அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். டிக்கெட் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. எத்தனை நாள், எந்த மாதம்

ஒரு நாள், இரண்டு நாள் போவது பார்வையாளராகப் போய்வருவதுதான். தன்னார்வலராக என்றால் குறைந்தது ஒரு வாரம் வேண்டும். இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் நல்லது. முதல் வாரம் நீங்கள் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும், உங்களால் முகாமுக்கு உபயோகம் இரண்டாவது வாரத்தில்தான் தொடங்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை குளிர்காலம். வேலை செய்ய இதமான காலம், ஆனால் இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வயல் கழிவுகளையும் காட்டுத் தரையையும் எரிப்பதால் வடக்கின் முக்கிய நகரமான சியாங் மாய் சுற்றுவட்டாரம் முழுக்கப் புகை. ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த மாதங்களைத் தொடவே வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, சேறு, அட்டை. ஆனால் தன்னார்வலர்கள் குறைவாக வரும் காலமும் அதுதான், உங்கள் கைக்கு உண்மையான தேவை இருக்கும். நானாக இருந்தால் ஜூன் அல்லது ஜூலையில் போவேன். செப்டம்பர், அக்டோபரில் ஆறுகள் பெருகும் என்பதை மறக்க வேண்டாம். 2024 அக்டோபர் தொடக்கத்தில் சியாங் மாய் பக்கத்து மே தேங் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தில் எலிஃபண்ட் நேச்சர் பார்க் என்ற யானை முகாம் மூழ்கி, இரண்டு யானைகள் இறந்தன.

2. முகாமைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படிக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எதில் தவறினாலும் சரிசெய்துவிடலாம், இதில் தவறினால் முடியாது.

தாய்லாந்தில் 1989இல் காட்டு மரம் வெட்டத் தடை வந்த பிறகு, மரம் இழுத்த யானைகளும் பாகன்களும் சுற்றுலாவை நம்ப வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அநேகமாக எல்லா முகாமும் பார்வையாளர் பணத்தில்தான் ஓடுகிறது. அதனால் பெயர்ப்பலகையில் 'சரணாலயம்', 'மீட்பு மையம்' என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சவாரி நடத்திய அதே இடம் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டதும் உண்டு.

நான் முதல் தடவை போன முகாமில் சவாரி இல்லை, அதை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிட்டேன். போன பிறகுதான் தெரிந்தது, ஒரே பிடியானையைக் காலை பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நான்கு கூட்டத்துக்கும் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டினார்கள். ஜனவரிக் குளிரில் நான்காவது முறை அது கரையிலேயே நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன கேட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

மின்னஞ்சலில் இந்தக் கேள்விகளை அனுப்புங்கள்:

- யானைகள் மனிதர்களோடு சேர்ந்து குளிக்கின்றனவா? அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை பேரோடு?
- இரவில் யானை எங்கே இருக்கும்? சங்கிலி என்றால் எவ்வளவு நீளம், அதற்குள் தீனியும் தண்ணீரும் எட்டுமா?
- எத்தனை யானைக்கு எத்தனை பாகன்? ஒரு யானைக்கு ஒரு பாகன் இல்லையென்றால் ஏன்?
- கன்றுகள் இருந்தால் அவற்றின் தாய் எங்கே?
- கால்நடை மருத்துவர் முகாமிலேயே இருக்கிறாரா, கூப்பிட்டால் வருபவரா?
- தன்னார்வலரின் ஒரு நாள் அட்டவணையை மணிக்கணக்கோடு அனுப்ப முடியுமா?

கடைசிக் கேள்வியின் பதிலை நன்றாகப் படியுங்கள். புல் அறுப்பது, லத்தி (யானைச் சாணம்) அள்ளுவது, பழம் கழுவுவது என்று அட்டவணை அலுப்பாக இருந்தால் அது நல்ல முகாம். 'யானையோடு நேரம்' என்று நாள் முழுக்க எழுதியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். யானைக்கு உங்களோடு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. மற்ற யானைகளோடு மேய்வதற்குத்தான் அதற்கு நேரம் வேண்டும்.

அங்குசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல மனம் படைத்தவர்கள் ஏமாறுகிறார்கள். பாகன் கையில் அங்குசத்தைப் பார்த்ததும் அந்த முகாமே கொடுமை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தடுப்பு ஏதும் இல்லாமல் மனிதனும் யானையும் ஒரே தரையில் நிற்கும் இடத்தில், ஆபத்து நேரத்துக்கென்று பாகன் அதை வைத்திருக்கலாம். எதிர்ப்பக்கம், 'எங்களிடம் அங்குசமே கிடையாது' என்று சொல்லும் இடத்தில் பாகன் உள்ளங்கையில் இரும்பு ஆணியை மறைத்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கருவியைத் தேடாதீர்கள், யானையின் உடம்பைப் பாருங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் புதுப் புண், முன்னங்காலில் சங்கிலி அறுத்த தழும்பு, ஒரே இடத்தில் நின்று தலையை ஓயாமல் ஆட்டுவது ஆகியவற்றைப் பார்வையாளர்கள் போடும் படங்களிலும் காணொளிகளிலும் காணலாம். முகாம் போடும் படங்களை விட அவையே நம்பத்தக்கவை.

3. விசாவும் வேலை அனுமதியும்

'சம்பளம் வாங்கவில்லையே, அப்புறம் என்ன அனுமதி' என்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தாய்லாந்துச் சட்டத்தில் சம்பளம் இல்லாத வேலைக்கும் அனுமதி தேவைப்படலாம். நீண்ட நாள் தொண்டு செய்பவர்கள் நான்-இமிகிரண்ட் ஓ (குடியேறாமல் தற்காலிகமாகத் தங்குபவர்களுக்கானது) வகை விசா எடுத்து, முகாமின் கடிதத்தோடு வேலை அனுமதியும் வாங்குவார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் பணம் கட்டிச் சேரும் நிகழ்ச்சியைப் பல முகாம்கள் சுற்றுலாத் தொகுப்பாகவே பதிவு செய்து நடத்துகின்றன.

உங்கள் நிகழ்ச்சி இதில் எந்த வகை என்று முகாமிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உங்கள் நாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் உறுதிசெய்யுங்கள். விசா இல்லாமல் எத்தனை நாள் தங்கலாம் என்பது பாஸ்போர்ட்டுக்கு பாஸ்போர்ட் வேறு, அடிக்கடி மாறவும் செய்யும், அதனால் நண்பர் போன வருடம் போனதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டையை, வந்திறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

4. உடம்பைத் தயார் செய்வது

புறப்படுவதற்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ், டைஃபாய்டு, கல்லீரல் அழற்சி ஏ, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி ஆகிய தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள். வெறிநாய்க்கடி ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யானை முகாம்களில் மீட்கப்பட்ட நாய்களும் நிறைய இருக்கும். சில ஊசிகளை நாள் இடைவெளி விட்டுப் போட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு முன்கூட்டியே போகச் சொல்கிறேன். டெங்குவும் உண்டு, கொசுத் தைலம் பையில் இருக்கட்டும்.

அடுத்தது காசநோய்ப் பரிசோதனை. இதை முகாம் கேட்காவிட்டாலும் செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். மனிதரைத் தாக்கும் அதே காசநோய்க் கிருமி யானைக்கும் தொற்றும், யானையிடமிருந்து மனிதருக்கும் வரும். மூன்று வாரமாக இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். யானைக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மருத்துவர்களோடு இருந்தவர்கள்தான் அறிவார்கள்.

உடற்பயிற்சி என்று பெரிதாக வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் நடந்து, பத்துப் பதினைந்து கிலோ எடையைத் தூக்கி இறக்கப் பழகினால் போதும். புல் கட்டும் பூசணிக்காய்க் கூடையும் அந்த எடைதான்.

5. இப்போது டிக்கெட், காப்பீடு, பணம்

முகாம் தேதியை எழுத்தில் உறுதி செய்து, விசா வழியும் தெளிவான பிறகு டிக்கெட் எடுங்கள். பாங்காக்கில் விமானம் மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியிருப்பதை அறியாமல் விமானத்தை விட்டவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார்கள். நேரம் இருந்தால் பாங்காக்கின் குருங் தெப் அபிவாத் நிலையத்திலிருந்து இரவு ரயிலில் சியாங் மாய் போகலாம், படுத்துத் தூங்கியே போய்விடலாம்.

முகாம் வண்டி பெரும்பாலும் காலையில் சியாங் மாய் நகரிலிருந்து கிளம்பும். முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். தூக்கமில்லாமல் யானைப் பக்கம் நிற்பது உங்களுக்கும் பாகனுக்கும் ஆபத்து.

காப்பீட்டில் 'விலங்குகளோடு வேலை', 'உடலுழைப்பு' இரண்டும் அடங்குமா என்று கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் இவற்றை விலக்கியிருப்பார்கள். அங்கே ஸ்கூட்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

ஒரு வார நிகழ்ச்சிக்குப் பத்தாயிரம் பாத்துக்கு (தாய்லாந்து நாணயம்) மேல் கேட்பார்கள். தங்குமிடம், சாப்பாட்டோடு யானைத் தீனியும் அதில் அடக்கம். முன்பணம் திரும்பக் கிடைக்கும் விதியைக் கேட்டபின் கட்டுங்கள். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 220 பாத் கட்டணம் போகும், அதனால் சிறுகச் சிறுக எடுக்காமல் நகரத்திலேயே ஒரே தடவையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பையில் என்ன

முழுக்கை, முழுக்கால் பருத்தி உடைகள் மங்கிய நிறத்தில் நான்கு ஜோடி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். உங்கள் அளவு முகாமில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். வேலைக் கையுறை, தலை விளக்கு, மழைக்கோட்டு. டிசம்பர், ஜனவரியில் போனால் கம்பளிச் சட்டை கட்டாயம், மலையடிவாரத்தில் இரவில் நடுங்கிவிடுவீர்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், யானையின் மோப்பத்துக்கு முன்னால் அது பெரிய கூச்சல். மின் சிகரெட் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது, கொண்டுபோகவே கூடாது.

சைவம் சாப்பிடுபவர்கள் 'ஜே' என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். வெறுமனே 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் சாறு ஊற்றித் தருவார்கள், 'ஜே' என்றால் அதுவும் இருக்காது.

7. முதல் நாள்: பாகனிடம் போங்கள்

புதிதாக வருபவர்கள் முதல் நாளே யானையை நோக்கி நடப்பார்கள். முதலில் பாகனிடம் போங்கள். தாய்லாந்து மொழியில் பாகனுக்கு 'க்வான் சாங்' என்று பெயர். வடக்கில் பலர் கரேன் என்ற மலைவாழ் இனத்தவர், தாய்லாந்து மொழியே அவர்களுக்கு இரண்டாம் மொழி. உங்களை விடக் கொஞ்சம் மூத்தவரை 'பீ' என்று பெயருக்கு முன்னால் சேர்த்துக் கூப்பிடுங்கள், நம் அண்ணன், அக்கா போல. வயதானவர் என்றால் 'லுங்', அதாவது மாமா. கைகூப்பி வணங்குவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாருடைய தலையையும் தொடாதீர்கள், காலை நீட்டி யாரையும் சுட்டாதீர்கள், வீட்டுக்குள் செருப்போடு போகாதீர்கள்.

அந்த யானை நேற்று எப்படித் தூங்கியது, எந்தப் பக்கம் பார்வை மங்கல், எந்த யானையோடு சண்டை என்று பாகனுக்குத்தான் தெரியும். அவர் கையசைத்து 'தள்ளி நில்' என்றால் காரணம் கேட்காமல் தள்ளி நிற்க வேண்டும். கேள்வி எல்லாம் அப்புறம்.

8. யானையின் பக்கத்தில் நிற்பது

யானை தன்னந்தனியே இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள், பாகன் இல்லாமல் ஒருபோதும் போகாதீர்கள். பின்பக்கமிருந்து அணுகாதீர்கள். யானைக்குக் கண் பார்வை கூர்மையில்லை. பின்னால் வந்தது யார் என்று தெரியாமலேயே உதைக்கும், பின்னங்காலால் முன்னும் பின்னும் உதைக்க அதனால் முடியும். முன்பக்கமாகச் சற்றுச் சாய்வில், அது உங்களைப் பார்க்கும்படி நில்லுங்கள்.

நிற்பதற்கு முன்பே விலகும் வழியைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். யானைக்கும் சுவருக்கும் நடுவில், யானைக்கும் மரத்துக்கும் நடுவில், இரண்டு யானைகளுக்கு நடுவில் நிற்கக் கூடாது. கோபமே இல்லாத யானை சும்மா திரும்பினாலும் நீங்கள் நசுங்கிவிடலாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நிற்பது அதைவிட மோசம். வளர்ப்பு 'சித்தி' யானைகளும் கன்றைக் காக்க ஓடிவரும்.

உடல்மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். காது மெதுவாக ஆடிக்கொண்டிருப்பது சூட்டைத் தணிக்க, அது நல்ல அறிகுறி. ஆடிக்கொண்டிருந்த காது சட்டென்று நின்று விரிவது, மென்றுகொண்டிருந்த வாய் நிற்பது, தலை உயர்வது, வால் விறைப்பது ஆகியவை எச்சரிக்கை. புதியவர்கள் பிளிறலுக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது அந்த அசைவற்ற நிலைக்கு. அப்போது ஓடாமல், முகத்தைத் திருப்பாமல், பாகன் இருக்கும் பக்கமாகப் பின்வாங்குங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் நீர் வழியும் ஆண் யானைக்கு மதம் பிடித்திருக்கிறது, அதன் பக்கமே போகக் கூடாது.

தீனி கொடுக்கும்போது பழத்தைக் காட்டிவிட்டுப் பின்னுக்கு இழுக்காதீர்கள், நீட்டினால் கொடுத்துவிடுங்கள். கூடையைத் தேடி யானை வந்தால் கூடையைப் போட்டுவிட்டு விலகுங்கள். கூடையைக் காப்பாற்ற இழுத்த ஒரு பையனின் மணிக்கட்டு பிசகியது.

யானையோடு ஆற்றில் இறங்கவே வேண்டாம் என்பது என் தீர்மானம். தண்ணீரில் உங்களால் வேகமாக விலக முடியாது, பாகனாலும் உடனே வர முடியாது. 2025 ஜனவரியில் தாய்லாந்தின் தெற்கே யாவ் தீவில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த 22 வயது ஸ்பெயின் நாட்டுப் பெண் அந்த யானை குத்தி இறந்துபோனார்.

9. அன்றாட வேலையும் அதன் காரணமும்

பெரிய யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி தின்னும், தின்றதில் பாதிகூடச் செரிக்காமல் வெளியே வரும். ஆகவே உங்கள் வேலையும் இரண்டே, உள்ளே போவதைத் தயாரிப்பது, வெளியே வந்ததை அள்ளுவது.

புல்லும் மக்காச்சோளத் தட்டையும் காலையிலேயே அறுத்துவிடுவார்கள், வெயில் ஏறினால் வாடிவிடும். அரிவாளை உங்கள் காலை நோக்கி இழுக்காதீர்கள், முதல் நாள் காயங்களில் பாதி இப்படித்தான் வருகின்றன. லாரியில் வரும் தர்பூசணி, பூசணி, வாழைப்பழங்களை நன்றாகக் கழுவ வேண்டும். பூச்சிமருந்து ஒட்டியிருக்கும், அவ்வளவு பழத்தைத் தின்னும் உடம்பில் அது சேரும். 'யானைக்குத்தானே' என்று அவசரமாகக் கழுவுபவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருக்கிறேன்.

கிழ யானைகளின் தீனி தனி. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பல் வரும், ஆறாவதும் தேய்ந்துவிட்டால் புல்லை அரைக்க முடியாது. அவற்றுக்கு ஒட்டும் அரிசிச் சோறு, தோல் நீக்கிய வாழைப்பழம், புளி எல்லாம் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். எந்த உருண்டைக்குள் மருந்து இருக்கிறது என்று பாகனிடம் கேட்டபின் கூடையில் வையுங்கள். மாறிப் போனால் வேறு யானை மருந்தைத் தின்றுவிடும்.

லத்தி அள்ளும்போது உடைத்துப் பாருங்கள். நார் நீளநீளமாக அரைபடாமல் வந்தால் பல் பிரச்சினை, இளகியிருந்தால் வயிறு சரியில்லை, காலையிலிருந்து ஒன்றுமே இல்லையென்றால் மலச்சிக்கல். உடனே பாகனிடம் சொல்லுங்கள். நான் போன இரண்டாவது முகாமில் வயிற்றுவலியை முதலில் கண்டுபிடித்தது கொட்டில் கூட்டிய ஒரு கல்லூரிப் பெண்தான்.

ஊசி போடுவது, காலில் சீழ் எடுப்பது எல்லாம் மருத்துவரின் வேலை. 'நீங்களே செய்யலாம்' என்று அனுமதிக்கும் முகாமை நம்பாதீர்கள்.

10. தப்பாக ஏதாவது பார்த்தால்

பாகனோடு எல்லார் முன்னாலும் சண்டை போடாதீர்கள். அவருக்கு அவமானமாகிவிடும், அந்தக் கோபம் யானைமேல் போகவும் வாய்ப்பு உண்டு. தேதி, நேரம், யானையின் பெயரைக் குறித்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் கிளம்பிவிடுங்கள், போன பணம் போகட்டும். அங்கே இருக்கும்போதே பெயரோடும் முகத்தோடும் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். தாய்லாந்தில் அவதூறு குற்றவியல் சட்டத்தின் கீழும் வரும், சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம்.

11. கிளம்பும்போது

பூட்ஸும் கையுறையும் நன்றாக இருந்தால் முகாமிலேயே விட்டுவிடுங்கள், அடுத்து வருபவருக்கு ஆகும். பாகனுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக் கொடுங்கள், ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்களுக்குள் மனத்தாங்கல் வரும். சந்தையில் தந்தச் சாமானோ யானை முடி மோதிரமோ வாங்காதீர்கள், சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். சேற்றிலும் தேங்கிய நீரிலும் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம், கொசுக்கடியில் டெங்குவும் வரலாம். தாய்லாந்தில் யானை முகாமில் வேலை செய்தேன் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.